இந்திராணிக்கு அம்மை போட்ட ஆடி மாதம்

முகத்தை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சையையும் தோலைப் புதுப்பிக்கும் லேசரையும் ஒரே நாளில் செய்யலாமா? இந்தத் துறைக்கு வரும் இளம் மருத்துவர்கள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது இதைத்தான். செய்யலாம். நானே பலமுறை செய்திருக்கிறேன். எந்த இடத்தில் எவ்வளவு சக்தி வைப்பது, எந்தத் தோலுக்கு எது ஒத்துவரும் என்பதையெல்லாம் உங்கள் பாடநூல்கள் என்னைவிட நன்றாகச் சொல்லும். அதை நான் திரும்பச் சொல்லி உங்கள் தேத்தண்ணீரை ஆறவிட மாட்டேன். பாடநூலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த விஷயத்தில் நான் நன்றாக அசடு வழிந்தேன் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இப்போது அலங்காரக் கடையை மூடிவிட்டு மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். "பேர மாத்திடுங்க டாக்டர். நாத்தனார மட்டும் மாத்தாதீங்க, அப்புறம் கதையே இல்ல" என்றார். அதனால் அவரை இந்திராணி என்றே வைத்துக்கொள்வோம்.

இந்திராணி மாசாய் பக்கம் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், மணப்பெண் அலங்காரம் செய்துகொண்டிருந்தார். ஐம்பத்தாறு வயது. முதல் நாள் என் அறைக்குள் வந்து உட்கார்ந்தவர், என் மேசை விளக்கைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டு எனக்கே பாடம் எடுத்தார்.

"தாடை தொங்குது, கழுத்துல மடிப்பு. இத நீங்க இழுத்துத் தைச்சிடுவீங்க, தெரியும். ஆனா ஒதட்டுக்கு மேல இந்தக் கோடு? கன்னத்துல இந்தக் கருப்பு? அது இழுத்தா போகாதுல்ல? பொடவைய இழுத்துக் கட்டினா மட்டும் போதுமா டாக்டர், அயர்ன் பண்ண வேணாமா?"

முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் இவ்வளவு தெளிவாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. இழுத்துத் தைப்பது தொங்கலைச் சரிசெய்யும். தோலின் சுருக்கமும் நிறமும் அப்படியேதான் இருக்கும். லேசர் தோலைத் திருத்தும், தொங்கலைத் தூக்காது. இரண்டும் சேர்ந்தால்தான் முகம் முழுதாக மாறும்.

"சரிதான். ஆனா கட்டியிருக்கும்போதே அயர்ன் பண்ணினா ஆள் வெந்து போயிடுவாங்களேம்மா" என்றேன்.

சிரித்தார். ஆனால் விடவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் தாயார் முன்பணம் கொடுக்க வந்தபோது, "மேக்கப் போட ஒங்க மக வருவாங்களா ஆண்ட்டி?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விதான் இவரை என்னிடம் அனுப்பியது. "பொண்ணுங்க என் வேலையப் பாக்குறதில்ல டாக்டர், என் மூஞ்சியப் பாக்குறாங்க. இன்னும் ரெண்டு சீசன் இப்படிப் போச்சுன்னா என் பிரஷ் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு எங்கயாவது ஃபேக்டரிக்குப் போவேண்டியதுதான்." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

இரண்டு தவணையாகச் செய்யலாம், லேசரை மூன்று மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தேன். முடியவே முடியாது என்றார். ஆடியில் தமிழர் வீட்டில் கல்யாணம் கிடையாது. அந்த ஒரு மாதம்தான் அவருக்கு ஓய்வு. ஆவணி பிறந்தால் வாரக் கடைசியெல்லாம் மணவறைதான். ஆடி முதல் வாரம் செய்துவிட்டால் ஆவணிக்குள் முகம் ஆறிவிடும். நானும் நாட்காட்டியைப் பார்த்தேன். கணக்கு அழகாகப் பொருந்தியது. ஒப்புக்கொண்டேன்.

அறுவை அரங்கில் எனக்கு ஒரே ஒரு இடத்தில்தான் மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கன்னத்துத் தோலை அடியிலிருந்து பிரித்து எடுத்துத் தைத்த பிறகு அதற்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அதன் மேல் லேசரை ஓங்கி அடித்தால் தோல் செத்துப்போகலாம். அதுவும் நம்மைப் போன்ற மாநிறத் தோல் கோபித்துக்கொண்டால் கறுத்துப் பழிவாங்கும். இந்திராணி அதிகமாகக் கவலைப்பட்டதோ கன்னத்துக் கருப்புக்காகத்தான். கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். உதட்டைச் சுற்றியும் நெற்றியிலும் மட்டும் முழுச் சிகிச்சை; கன்னத்தில் மேலோட்டமாகப் புள்ளி புள்ளியாக மட்டும். அது சரியான முடிவு. அதற்கு நீங்கள் என்னைப் பாராட்டலாம். அடுத்து நான் செய்ததற்குப் பாராட்ட முடியாது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் எங்கள் மிஸ்ஸி, அதாவது தலைமைத் தாதி, ஜைனம்பு பக்கத்தில் நின்றிருந்தார். இருபது வருடம் என்னோடு வேலை செய்தவர். வெயில் கூடாது, கிரீம் கூடாது, பவுடர் கூடாது, மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று நான் ஒப்பித்து முடித்ததும் அவர், "வீட்டுல எல்லார்கிட்டயும் என்னம்மா சொல்லப் போறீங்க?" என்று ஆரம்பித்தார்.

"அது அவங்க சொந்த விஷயம் மிஸ்ஸி" என்று நான் வெட்டிவிட்டேன். நோயாளியின் அந்தரங்கத்தை மதிக்கிறேனாம். எனக்கு அப்போது அவ்வளவு பெருமை.

"அதெல்லாம் பிரச்சினையே இல்ல" என்றார் இந்திராணி. "மூவார்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டேன். வீட்டுக்குள்ளயே கதவச் சாத்திக்கிட்டு இருந்துக்குவேன். வீட்டுக்காரரு சிங்கப்பூர் வேலைக்கு விடியறதுக்குள்ள போயிடுவாரு, அவருக்குத் தெரியும். மத்தவங்க எல்லாம் இந்த மாசம் கோயில் வேலையில இருப்பாங்க, ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

கோயில் வேலை என்று அவர் சொன்னபோதே என் மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. ஆடியைக் கல்யாணம் இல்லாத மாதம் என்று மட்டும்தான் இருவரும் பார்த்தோம். அது மாரியம்மன் மாதம் என்பதை, வருடா வருடம் கோயிலில் கூழ் வாங்கிக் குடிக்கிற நாங்கள் இருவரும், ஒரே நேரத்தில் மறந்திருந்தோம்.

இரண்டாம் நாள் வந்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆறாம் நாள் காலை வரவேண்டியவர் வரவில்லை. மிஸ்ஸி அவர் கைப்பேசிக்கு அழைத்தார். எடுத்தது வேறு ஒரு பெண் குரல். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"இந்திராணிக்கு அம்மை போட்டிருக்கும்மா. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் எங்கயும் வர மாட்டா. நான் அவ நாத்தனார் பேசுறேன். நீங்க யாரு?"

"தெரிஞ்சவங்கதான்மா" என்றார் மிஸ்ஸி, முகம் மாறாமல். "ரொம்ப முடியலையா?"

"மொகமெல்லாம் முத்து. பாக்கவே முடியல. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு இப்பத்தான் அப்பி விட்டிருக்கேன். எறங்கிடும், ஆத்தா பாத்துக்குவா."

மிஸ்ஸி போனை வைத்தார். நாத்தனார் முத்து என்றது என் லேசர் விட்ட பொருக்கைத்தான். வெட்கப்படாமல் சொல்கிறேன், பயந்து போனேன். லேசர் பட்ட தோல் ஆறாம் நாளில் குழந்தைத் தோலைவிட மென்மையானது. அதன் மேல் யார் வீட்டு மரத்திலிருந்தோ பறித்து அம்மியில் அரைத்த வேப்பிலை. கிருமி புகுந்தால் தழும்பு. தழும்பாவது தேவலை, மஞ்சளும் எரிச்சலும் சேர்ந்து முகம் திட்டுத்திட்டாகக் கறுத்தால் அவர் தொழிலுக்கு அன்றோடு மங்களம் பாடிவிடலாம். அது போதாதென்று, அம்மை போட்ட வீட்டில் மாத்திரை கொடுக்க மாட்டார்கள். லேசருக்குப் பிறகு உதட்டுப்புண் வைரஸ் கிளம்பாமல் இருக்க நாம் தரும் மாத்திரையும் நின்றிருக்கும். அந்த வைரஸ் அம்மை வைரஸுக்கு ஒன்றுவிட்ட தங்கை. போலி அம்மை நிஜமாகவே ஒரு வகை அம்மையாக மாற எல்லா ஏற்பாடும் நடந்திருந்தது.

அப்போது என்னோடு பயிற்சியில் ஒரு மருத்துவர் இருந்தார், உங்களைப் போல நல்ல துடிப்பு. "ஆம்புலன்ஸ அனுப்பித் தூக்கிட்டு வந்துடலாம் டாக்டர்" என்றார்.

தூக்கிவிடலாம். முகம் பிழைக்கும். ஆனால் தாமான் முழுக்க வாசலில் நின்று பார்க்கும். பத்து வருடமாகக் கோயில் பெண்களிடமெல்லாம் 'முகத்துல ஒண்ணும் பண்ணிக்காதீங்க, இயற்கையே அழகு' என்று சொல்லிச் சொல்லிப் பேர் வாங்கியவர் இந்திராணி. அவரிடம் அலங்காரத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் அந்தக் கோயில் வழியாகத்தான் வந்தார்கள். ரகசியம் உடைந்தால் முகம் மட்டும் இருக்கும், வாடிக்கையாளர் இருக்க மாட்டார்கள். நான் காப்பாற்ற வேண்டியது இரண்டு. ஆம்புலன்ஸ் ஒன்றைத்தான் காப்பாற்றும்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் போட்டேன். உப்பு நீர் போத்தல்கள், பஞ்சுத் துணி, மாத்திரை எல்லாவற்றையும் கைப்பையில் திணித்தேன். வழியில் மிஸ்ஸி வண்டியை நிறுத்தச் சொல்லி நான்கு இளநீர் வாங்கினார். "அம்மை வீட்டுக்கு வெறுங்கையோட போவாங்களா?" என்றார். எனக்குத் தோன்றாத ஒன்று.

கேட்டில் வேப்பிலைக் கொத்து. உள்ளே நாத்தனார் நின்றிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், கோயில் மகளிர் குழுவின் தலைவி என்பது நிற்கும் தோரணையிலேயே தெரிந்தது.

"குளிச்சிட்டு வந்தீங்களா?"

"குளிச்சாச்சுக்கா" என்றேன். நல்லவேளை, உண்மை.

நடந்தது இதுதான். கூழ் ஊற்றும் பெரிய பானைகளை இந்திராணி வீட்டுக் கிடங்கறையில் வைத்திருந்தார்கள். அதை எடுக்க நாத்தனார் தன்னிடமிருந்த சாவியால் திறந்து வந்திருக்கிறார். மூவாரில் இருக்க வேண்டியவர் சோபாவில் படுத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார். முகம் வீங்கி, சிவந்து, புள்ளி புள்ளியாகப் பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. ஆடி மாதம் வேறு. நாத்தனார் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு விழுந்து கும்பிட்டுவிட்டார்.

மிஸ்ஸி கேழ்வரகுக் கூழுக்கு மோர் எவ்வளவு, வெங்காயம் எவ்வளவு என்று நாத்தனாரைப் பேச்சில் இழுத்து வைத்துக்கொள்ள, நான் அறைக்குள் போனேன். பாயில் வேப்பிலை பரப்பி, அதன்மேல் இந்திராணி. முகம் பச்சையும் மஞ்சளுமாக. கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்ததும் நிறைந்துவிட்டது.

"நான் சொல்லல டாக்டர். அவங்களாத்தான் ஆத்தான்னு சொன்னாங்க. இல்லக்கா, லேசருன்னு எப்படிச் சொல்றது? அலமாக், வாயே வரல. சரின்னு படுத்துட்டேன். வீட்டுக்காரரும் அக்காவுக்குப் பயந்து வாயத் தொறக்கல."

"மாத்திரை?"

"நேத்திலேர்ந்து போடல. கூடவே இருக்காங்க. நீங்களே இது லேசருன்னு சொல்லிடுங்களேன் டாக்டர். என்னால முடியல."

"நான் சொல்ல மாட்டேன். அது ஒங்க ரகசியம், ஒடைக்கிற உரிமை எனக்குக் கிடையாது. ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன். ரகசியத்த நான் காப்பாத்துறேன், மூஞ்சிய நீங்க காப்பாத்திக்குங்க. எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, தலகாணிக்கு அடியில. முடியுமா?"

தலையை ஆட்டினார். பசை கொஞ்சம் உதிர்ந்தது.

வெளியே வந்தேன். எனக்கு இயல்பிலேயே கோபம் சீக்கிரம் வரும். அறுவை அரங்கில் என் குரலுக்குப் பயந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் குரலை விழுங்கிக்கொண்டது இன்றுவரை எனக்கே ஆச்சரியம்.

"அக்கா, நான் டாக்டர். அந்தப் பசை காய்ஞ்சு இறுகுறது என் கண்ணுக்கு நல்லதாப் படல. கண்ணுக்குள்ள போனா ஆபத்து. நான் கொண்டு வந்த தண்ணில கழுவி விட்டுடறேன்."

"டாக்டருன்னா ஊசி போடுவீங்க, மருந்து குடுப்பீங்க. ஆத்தா கோவிச்சுக்குவா லா."

"ஊசி கிடையாதுக்கா, கழுவத்தான் கேக்குறேன். வாசல்ல வேப்பிலை இருக்கு, பாயில இருக்கு. மூஞ்சியில அரைச்சு அப்பினாத்தான் ஆத்தாவுக்குத் தெரியுமா? பெத்த தாய்க்கு அவ்வளவு சொல்லணுமா?"

நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டி உப்பு நீர் போத்தல்களை வாங்கினார். மூடி திறக்காமலே அவற்றைச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துச் சூடம் காட்டினார். திருப்பிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"இப்ப கழுவுங்க" என்றார்.

சூடம் காட்டிய உப்பு நீரில் நான் ஒரு நோயாளியின் முகத்தைக் கழுவியது அதுதான் முதல் தடவை. பசை மெல்ல மெல்ல இறங்கியது. கன்னம் இரண்டும் இளஞ்சிவப்பாக, பழுதில்லாமல் இருந்தன. அரங்கில் லேசரைக் கன்னத்தில் ஓங்கி அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த போத்தலைத் திறந்தேன். உதட்டின் இடது ஓரத்தில் மட்டும் காசளவு இடம் கசிந்துகொண்டிருந்தது. அந்த ஓரம் அடுத்த நான்கு நாட்கள் என்னைச் சாப்பிடவிடவில்லை.

ஒவ்வொரு நாள் சாயங்காலமும் இளநீரோடு போனேன். நாத்தனார் சூடம் காட்டுவார், நான் கழுவுவேன். இந்திராணி தலையணைக்கடியில் மாத்திரையை எண்ணி எடுப்பார். அம்மை வீட்டில் தலை வாரக்கூடாது, முடியை யாரும் தொடக்கூடாது என்ற வழக்கம் இருக்கிறதே, அதனால் காதை மூடிக் கிடந்த கலைந்த முடி, காதைச் சுற்றியிருந்த தையல்களை நாத்தனார் கண்ணிலிருந்து காப்பாற்றியது. எட்டாம் நாள் மிஸ்ஸி சமையலறையில் கூழ் கிண்டக் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில் காதுக்கு முன்னால் இருந்த தையலைப் பிரித்துவிட்டேன். பத்தாம் நாள் உதட்டோரம் காய்ந்தது. அன்று வண்டியில் ஏறியதும் நான் அழுதுவிட்டேன். மிஸ்ஸி வழியில் ஓர் இளநீர் வாங்கி என் கையில் கொடுத்தார்.

மூன்றாம் தண்ணீரை நாத்தனாரே ஊற்றினார், மஞ்சள் இல்லாமல், என் பேச்சைக் கேட்டு.

மறுநாள் வேலைக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், நோயாளிகளிடம் நாம் கேட்கும் கேள்விப் படிவத்தில் ஒரு வரி சேர்த்ததுதான். 'வீட்டில் என்ன சொல்லப் போகிறீர்கள்?' புகை பிடிப்பீர்களா, ரத்த அழுத்தம் உண்டா என்பவற்றுக்கு நடுவில் அது இருக்கும். ஒருவர் வீட்டில் சொல்லும் கதைதான் அவர் முகத்தில் என்ன பூசப்படும், எந்த மாத்திரை நிற்கும், யார் கதவைத் திறப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தக் கதையையும் நீங்கள் நோயாளியோடு உட்கார்ந்து திட்டமிட வேண்டும். மிஸ்ஸி கேட்க ஆரம்பித்த கேள்வி அது. உங்கள் தாதி ஒரு கேள்வியை ஆரம்பித்தால் முடிக்க விடுங்கள்.

ஆவணியில் எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண் வீட்டார் யாரென்று எனக்குத் தெரியாது. நாத்தனார் சொல்லி அனுப்பியது. மண்டபத்துக்குப் போனேன். மணப்பெண்ணுக்கு நெற்றிச்சுட்டி சரிசெய்துகொண்டு மணவறை ஓரம் இந்திராணி நின்றிருந்தார். நம் கைவேலையை நாமே புகழக்கூடாது, இருந்தாலும் சொல்கிறேன்: அழகாக இருந்தார். வரிசையாகப் பெண்ணைப் பெற்றவர்கள் அவரிடம் தேதி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கோயில் பெண்கள் நடுவில் உட்காரவைத்தார்.

"இவங்கதான் அந்த டாக்டரம்மா. இந்திராணிக்கு முத்து போட்டப்ப தெனம் இளநீ வாங்கிட்டு வந்தவங்க. இப்ப அவ மொகத்தப் பாருங்க. ஒரு தழும்பு இருக்கா? பத்து வயசு கொறஞ்சு போச்சு. சும்மாவா? ஆத்தா வந்து எறங்கிட்டுப் போன மொகம்!"

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர், "எந்த டாக்டரால முடியும் இது?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். பக்கத்தில் மிஸ்ஸி தண்ணீர் குடிக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணவறை ஓரத்திலிருந்து இந்திராணி பிரஷ்ஷும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னால முடியாதும்மா" என்றேன்.

நாத்தனார் திருப்தியோடு தலையாட்டினார். பிறகு என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். அவர் பார்வையில் உண்மையான இரக்கம் இருந்தது.

"நீங்களும் அடுத்த ஆடிக்கு வந்து கூழ் ஊத்துங்க டாக்டரம்மா. ஒங்களுக்கும் ஆத்தா ஏதாச்சும் பண்ணுவா."

"வர்றேன்க்கா" என்றேன். "ரெண்டு பானை என் பேர்ல எழுதிக்குங்க."